வாழ்த்து அட்டையும் கித்தாத் தோட்டமும்

ஒருவருக்கொருவர் நல்வாழ்த்துக் கூறிக்கொள்ளும் வழக்கம் எல்லா நாட்டு மக்களிடத்தும் தொன்றுதொட்டு இருந்துவருவதாகும். ஆனால் அவ்வாழ்த்தை ஓர் அட்டையிற் பொறித்து, உறையிலிட்டு, தபால் மூலம் அனுப்பும் வழக்கமோ மிகவும் பிந்தியது. அதற்கு இன்னும் இருநூறு ஆண்டுகூட நிறையவில்லை. நம்மவரிற் சிலர் இதனை மேனாட்டார் கற்றுத்தந்த வீண்செலவு என்று ஒதுக்குவர். வேறு சிலர் நாகரிகத்தின் சின்னமென்று எண்ணிக் கடையில் டஜன் கணக்கில் வாங்கி அனுப்புவர். அவ்வட்டை எவர் கையால் உண்டாயிற்று, எவர் உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது என்பதை இரு சாராரும் விசாரிப்பதில்லை. பேராக்கில் தோட்டக் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் நமக்கு அவ்விசாரணை அவசியமென்று தோன்றுகிறது. காரணம் போகப்போக விளங்கும்.

முதலில் நம் வீட்டு வழக்கத்தைப் பார்ப்போம். கலியாணம் முதலிய நற்செய்திகளைக் கொண்டுபோகும் கடிதத்தின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவது தமிழர் வழக்கம். சாவுச் செய்தி சொல்லும் கடிதத்தில் மஞ்சள் இராது. படித்த மாத்திரத்தில் அதைக் கிழித்தெறிவரேயன்றி வீட்டிற்குள் வைத்திரார். இது சகுனத்தை முன்னிட்டு ஏற்பட்ட வழக்கமே. சகுனத்தில் நமக்கு நம்பிக்கை கிடையாது. எனினும் இதிலுள்ள புத்தி நுட்பத்தைப் பாராட்டாதிருக்க முடியவில்லை. எழுத்தறியாத ஒருவர் கையில் அக்கடிதம் கிடைத்ததும், படித்துச் சொல்ல ஆள் தேடி அலையுமுன்னரே, வந்தது நல்லதா கெட்டதா என்பதை அம்மூலைகள் சொல்லிவிடும். அங்கே மஞ்சளே மை, விரலே அச்சு. மேனாட்டார் அட்டை நம்மிடம் வருமுன்னரே கையால் ஆன வாழ்த்துக் குறி ஒன்று நம்மிடம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அம்மஞ்சள் மூலைக்கு வேலை மிகுதியாக இருந்த இடம் மலாயாத் தோட்டம். கப்பலேறி வந்து பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னே பேராக் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த நம் மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஊரிலே சாதியின் பேரால் அவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. தோட்டத்திலே வேலையின் பேரால் மறுக்கப்பட்டது. பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, மங்கு துடைத்து, பாலை ஸ்டோரிற் சேர்த்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறவர், ஊரிலிருக்கும் தாய்க்கு நான்கு வரி எழுத வேண்டுமானால் கிராணியிடம் போய் நிற்கவேண்டும். கிராணி உட்கார்ந்திருப்பார், எழுதச் சொல்லுகிறவர் நின்றுகொண்டிருப்பார். இங்கு யாவரும் சுகம், அங்கு சுகத்திற்கு எழுதவும் என்று தொடங்கி, அனுப்பும் பணத்தின் தொகையைக் கூறி முடியும் ஒரே அச்சிலே வார்த்த கடிதங்கள் பல்லாயிரம் அப்படிச் சென்றிருக்கும். மனைவி கணவனுக்குச் சொல்லவேண்டியதை வேற்றாள் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? கிராணிமார் யாவரும் கொடியவரல்லர். நாமும் அத்தொழிலைச் செய்கிறவரே. ஆயினும், ஒருவர் தம் வீட்டாருக்குச் சொல்லும் வாழ்த்துக்கூட, தம் கூலிக் கணக்கைக் கூட்டியும் குறைத்தும் எழுதவல்லவரின் பேனா வழியாகவே போகவேண்டியிருந்தது என்பது சிறிய விஷயமன்று.

நிற்க. மேனாட்டு வாழ்த்து அட்டையின் பிறப்பைக் கவனிப்போம். இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு ஒரு பென்னித் தபால் ஏற்பட்டது. அதுவரை தபாற்கூலி தூரத்துக்கேற்பவும் தாள்களின் எண்ணிக்கைக்கேற்பவும் ஏறிக்கொண்டே போகும். ஏழை மக்கள் கடிதம் எழுதுவதென்பது அரிது. ரோலண்டு ஹில் என்பவரின் முயற்சியால், அரை அவுன்ஸ் எடைக்கு நாடெங்கும் ஒரே கூலி என்றாயிற்று. அவ்வேலையில் அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ஹென்றி கோல். பண்டிகைக் காலத்தில் வந்து குவியும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதி மாளாமல், 1843ஆம் ஆண்டில் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு அவர் ஒரு படம் வரைவித்தார். கல்லச்சில் கோடுகள் அச்சாயின; வண்ணமோ ஒவ்வோர் அட்டையிலும் கையினாலேயே தீட்டப்பட்டது. சுமார் ஆயிரம் அட்டைகள் விற்பனைக்கு வந்தன. ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். அதாவது பன்னிரண்டு கடிதங்களுக்கான தபாற்கூலி. ஏழைகளுக்காக மலிந்த தபாலின்மேல், செல்வர்க்கான அட்டை ஏறி அமர்ந்துகொண்டது!

அந்தப் படத்தையும் சற்றுப் பார்க்கவேண்டும். இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவளிப்பதும் உடையளிப்பதுமான காட்சிகள். நடுவிலே ஒரு பெரிய குடும்பம் மதுக்கிண்ணங்களை ஏந்தி நிற்கிறது. அதில் ஒரு சிறு குழந்தையின் வாயிலும் கிண்ணம் வைக்கப்படுகிறது. மதுவிலக்குக்காரர்கள் உடனே கண்டித்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வரவில்லை. மலாயாத் தோட்டங்களிலே கூலி கொடுக்கும் நிர்வாகத்தின் அனுமதியுடனேயே கள்ளுக்கடை நடந்த காலம் நெடுங்காலம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் கட்டளையை நீக்குக என்பதோடு, கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்றாயிருந்தது.

கோலின் பெயரும் ஹார்ஸ்லியின் பெயரும் எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. கைவேலையால் அட்டை செய்தவர்களின் கதையை அறியவேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போகவேண்டும். மாசசூசெட்ஸ் நாட்டு வூஸ்டர் நகரில், காகிதக் கடை வைத்திருந்த ஒருவரின் மகள் எஸ்தர் ஹௌலண்டு. 1847ஆம் ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்து வந்த இப்பெண்மணி, இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அழகிய காதலர் தின அட்டையைக் கண்டு, இதை நாமே செய்யலாமே என்று துணிந்தார். பின்னற்காகிதமும் வண்ணப்படங்களும் தருவித்து மாதிரிகள் செய்து, தம் சகோதரரிடம் கொடுத்தனுப்பினார். 200 டாலருக்கு விலைபோனால் போதும் என்றிருந்தவருக்கு, 5,000 டாலருக்குமேல் கேட்பு வந்தது என்று கூறுவர். உடனே தோழியரைக் கூட்டித் தம் வீட்டிலேயே மேசை போட்டு, ஒருத்தி வெட்ட, ஒருத்தி அடுக்க, ஒருத்தி ஒட்ட என்று வேலையைப் பகிர்ந்தளித்தார். மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளில் இம்முறை புகுந்து பேர்பெற்றது இருபதாம் நூற்றாண்டில். பசைக்கிண்ணமும் கத்தரிக்கோலும் கொண்ட பெண்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே அதை நடத்திக் காட்டினார்கள். அம்மேசையைச் சுற்றியிருந்தவர்களின் பெயர்களை எந்த அட்டையும் தாங்கவில்லை.

அவர் தருவித்த பின்னற்காகிதம் செய்யப்பட்ட விதம் சுவையானது. சித்திரம் குடைந்த உலோக அச்சின்மேல் காகிதத்தை அழுத்தினால் பூவும் கொடியும் புடைத்து எழும்பும். 1834ஆம் ஆண்டு, லண்டனில் அடன்புரூக் என்னும் தொழிலாளி, அப்புடைப்புகளின் தலையை அரத்தால் தேய்த்துவிட்டார். தேய்ந்த இடமெல்லாம் துளையாயிற்று. காகிதம் சரிகைப்பின்னல்போல் ஆயிற்று. அரத்துக்குப் பதிலாகக் கூரிய விளிம்புள்ள அச்சு வந்தபின், அழுத்துவதும் வெட்டுவதும் ஒன்றாயின. ஜெர்மனியில், அதிலும் பெர்லினில், பல நிறக் கல்லச்சில் தேவதைகளையும் பூக்களையும் பறவைகளையும் அடித்து, புடைக்கவைத்து, உருவத்தின் ஓரத்தை ஒட்டியே வெட்டி, சிறு காகித நரம்புகளால் ஒன்றோடொன்று தொடுத்துத் தாள்தாளாக உலகமெங்கும் அனுப்பினார்கள். வாங்கியவர்கள் பிய்த்தெடுத்து அட்டைகளில் ஒட்டிக்கொண்டார்கள்.

இவ்வெட்டச்சு வேறொன்றுமன்று. நம் வீட்டில் மாவைப் பரப்பி அச்சுக்கொண்டு பலகாரம் வெட்டுகிறோமே, அதே தத்துவம். எஃகுத் தகட்டின் ஒரு விளிம்பைத் தீட்டி, வேண்டிய உருவத்துக்கு வளைத்து, பலகையிற் பொருத்துவார்கள். காகிதத்தின்மேல் இதை அழுத்தினால் உருவம் அறுபட்டு விழும். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் செருப்புத் தோல் வெட்டுவதற்கும் இத்தகைய அச்சே பயன்பட்டது. ஒரு சங்கடம் உண்டு: அறுபட்ட காகிதம் கத்திகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும். அதை வெளியே தள்ளிவிட, கத்தியின் இருபுறமும் பஞ்சு போன்ற ரப்பர்த் துண்டுகளை ஒட்டுவார்கள். அழுத்தும்போது அமுங்கி, விட்டவுடன் நிமிர்ந்து, காகிதத்தை அவை தள்ளிவிடும்.

ரப்பர் என்றவுடன் நம் கதை நமது வாசலுக்கே வந்துவிடுகிறது. கித்தா இல்லாமல் காகிதத்தொழில் நடக்காது என்பதை நம்மவர் அதிகமாகச் சிந்திப்பதில்லை. ரப்பரைக் கொண்டு பென்சிற் கோட்டை அழிக்கலாம் என்று ஜோசப் பிரீஸ்ட்லி எழுதியது 1770ஆம் ஆண்டில். வெயிலில் இளகியும் குளிரில் இறுகியும் போகும் அப்பொருளைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைச் சார்ல்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். 1860களில் அவ்வாறு பதப்படுத்திய ரப்பரில் எழுத்தும் படமும் வார்த்த முத்திரைகள் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தன. 1904ஐ ஒட்டி நியூஜெர்சியில் ஐரா ரூபெல் என்னும் அச்சுக்காரர், தாள் ஊட்டத் தவறியதால் உருளையின் ரப்பர்ப் போர்வையிற் பதிந்த மை, அடுத்த தாளின்மேல் முன்னிலும் தெளிவாக அச்சானதைக் கண்டார். ஆப்செட் அச்சு அதிலிருந்து வளர்ந்தது. அழிப்பான், முத்திரை, அச்சு உருளை, வெட்டச்சு ஆகிய நான்கிலும் ரப்பர் புகுந்துவிட்டது. வாழ்த்து அட்டை செய்ய இந்நான்குக்குமேல் என்ன வேண்டும்?

அந்த ரப்பர் முதலில் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் அங்கிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1877ஆம் ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றில் 9 பேராக்குக்கு வந்தன. பேராக்கின் ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோ அவற்றைக் கோலகங்சாரில் நடுவித்தார். அவற்றிலொன்று என்று காட்டப்படும் முதிய மரம் அவ்வூரிலேயே இருக்கிறது. ஈப்போவிலிருந்து போகும் அன்பர்கள் அரண்மனையையும் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அதையும் பார்த்து வரவேண்டுமென்பது நமது வேண்டுகோள். மரத்தை நட்டவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. காட்டை வெட்டி, மலைச்சுரத்தில் மடிந்து, பின்னர் அம்மரங்களில் பால் வெட்டியவர் பெயர்கள் பெரட்டுப் புத்தகங்களோடு கரையான் வாய்க்குப் போயின. உலகத்து ஆபீசுகளிலெல்லாம் முத்திரையடித்த ரப்பரில் பெரும்பகுதியைத் தந்த கைகள் தம் பெயரை எழுதவறியாமல் கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றி வைத்தன.

இனித் தமிழ் அட்டைக்கு வருவோம். இந்தியாவில் காலணாத் தபால் கார்டு 1879ஆம் ஆண்டு வந்தது. ஆயினும் தமிழ் எழுத்தும் தமிழ்ப் படமும் கொண்ட வாழ்த்து அட்டை பரவுவதற்கு அச்சுத்தொழில் கிராமங்களை எட்டவேண்டியிருந்தது. அதற்கு வழிவகுத்த ஊர் சிவகாசி. அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ஆம் ஆண்டில் அதைத் தம் ஊரில் நிறுவினர். தீப்பெட்டிக்குப் படச்சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். சீட்டடித்த அச்சகங்களே நாட்காட்டிகளுக்கும் பொங்கல் வாழ்த்துகளுக்கும் தாயகமாயின. கரும்பும் பானையும் ஏரும் காளையும் எழுஞாயிறும் அவ்வட்டைகளில் ஏறின. பின்னர் அரசியல் தலைவர்களும், கொஞ்ச காலத்தில் சினிமா நட்சத்திரங்களும் ஏறினார்கள். உழவனுக்குரிய நாளில் நடிகர் படத்தை அனுப்புவதில் என்ன பொருத்தம் என்று நமக்கு விளங்கியதேயில்லை.

பொங்கலுக்கு இத்தனை அட்டைகள் பிறந்ததற்குக் காரணம் அச்சகம் மாத்திரமன்று. புராணக் கதைக்குக் கட்டுப்படாமல், சாதி மத வேறுபாடின்றித் தமிழர் யாவரும் கொண்டாடத்தக்க நாள் இதுவே என்று தமிழறிஞரும் சுயமரியாதை இயக்கத்தாரும் வற்புறுத்திவந்தனர். 1929ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசினார்; சீர்திருத்தக் கருத்துகள் தோட்டங்களுக்குள் நுழைய அவ்வருகை பெரிதும் உதவியது. 1935ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். அதற்குப்பின் யுத்தம் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இந்நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்குமிடையே கடிதப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டனர். மஞ்சள் மூலையும் வரவில்லை, மஞ்சளற்ற மூலையும் வரவில்லை. இருக்கிறாரா இறந்தாரா என்று அறியாமலே ஊரில் பல தாய்மார் கண்மூடினர். அத்தகைய காலத்தைக் கடந்து வந்த மக்களிடையேதான், 1952ஆம் ஆண்டு பொங்கலையொட்டி, சாரங்கபாணியின் முயற்சியால் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தமிழர் திருநாள் தொடங்கிற்று. லயத்துப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்று, தம் வாழ்த்தைத் தாமே எழுதும் நிலையும் சிறுகச் சிறுக உண்டாயிற்று. கிராணியின் மேசையருகே நிற்கும் வரிசை குறைந்தது. அதனால் கிராணிக்கு மதிப்புக் குறைந்ததென்று வருந்தியவர்களும் உண்டு. நாம் அவர்களைச் சேர்ந்தவரல்லர்.

இப்பொழுது கித்தாவும் போயிற்று, அட்டையும் போயிற்று என்று சொல்லும் காலம். நாம் கணக்கெழுதும் தோட்டத்தில் பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. லயத்தில் இருந்தவர்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். கைத்தொலைபேசி வந்தபின், பண்டிகைதோறும் கடை வாசலில் அட்டை தொங்கவிட்ட கம்பிச் சட்டங்களைக் காண்பதரிது. வாழ்த்து விரைவாகப் போகிறது. எவரோ செய்த படம் நம் கைபட்டு இன்னொருவருக்குப் போய், அவர் கைபட்டு நமக்கே திரும்பியும் வருகிறது! பழைய கிராணிக் கடிதத்துக்கும் இதற்கும் அதிக வேற்றுமை நமக்குத் தெரியவில்லை. அதுவும் பிறர் வார்த்தது. இதுவும் பிறர் வார்த்தது.

ஆகவேதான், கையால் அட்டை செய்யும் பழக்கம் சில வீடுகளில் திரும்ப வந்திருப்பதை நாம் மகிழ்ச்சியோடு கவனிக்கிறோம். மெல்லிய உலோக வெட்டச்சுகளும், கையாற் சுழற்றும் சிறு உருளை இயந்திரமும், ரப்பர் முத்திரைகளும், பலநிற மைப்பெட்டிகளும் விலைக்குக் கிடைக்கின்றன. மையில் இரண்டு வகை உண்டு. சாயம் கரைந்த மை காகிதத்துக்குள் ஊறி விரைவில் உலரும். நம் நாட்டு ஈரக்காற்றில் சொரசொரப்பான தாளில் சற்றே பரவியும் விடும். நிறப்பொடி கலந்த மை மேலே தங்கி மெதுவாக உலரும். அது ஈரமாயிருக்கும்போதே பொடி தூவிச் சூடு காட்டினால் பொடி உருகி, எழுத்து புடைத்துப் பளபளக்கும். பொருள்கள் வாங்கக் கையிற் பணமில்லாதவர் பள்ளிப்பிள்ளையின் அழிப்பான் ஒன்றை எடுத்துப் பேனாக்கத்தியால் செதுக்கினால் முத்திரை தயார். ஜப்பானியர் தம் புத்தாண்டு அட்டைகளுக்கு உருளைக்கிழங்கையும் வற்றாளைக் கிழங்கையும் குடைந்து அச்சாக்குவதுண்டு. ஈப்போச் சீனரோ சிவப்புத்தாளில் கரிய மையால் தூரிகைகொண்டு எழுதிய வாழ்த்தைப் புத்தாண்டில் வாசலின் இருபுறமும் ஒட்டுகிறார்கள். வடநாட்டு மதுராவில் சாஞ்சி என்னும் கலைக்காகக் காகிதத்தை நுண்கத்தரியால் வெட்டி, அத்துளைகளின் வழியே வண்ணப்பொடி தூவிக் கோலமிடுகிறார்கள். காகிதமும் கத்தியும் மையும் ஒரு நாட்டாருக்கு மாத்திரம் உரியவையல்ல.

தமிழில் செய்யப் புகுவோர்க்குத்தான் இடையூறு. கடையில் கிடைக்கும் எழுத்து வெட்டச்சுகள் அநேகமாக ஆங்கில எழுத்துகளே. ஆங்கிலப் பள்ளியிற் படித்த நமக்கு அவற்றைக்கொண்டு அட்டை செய்வதில் சிரமமில்லை. ஆனால் லயத்தில் பிறந்த நம் பாட்டிக்கு ஆங்கிலத்தில் பொங்கல் வாழ்த்து அனுப்பினால் அதைப் படித்துச் சொல்ல அவர் மறுபடியும் ஒரு கிராணியைத் தேடவேண்டும். எனவே தமிழ் எழுத்தை நாமே வரைந்து வெட்டினோம். முத்திரையானால் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும்: ‘பொ’ என்பதில் கொம்பு வலப்புறமும் கால் இடப்புறமும் வரவேண்டும். வெட்டச்சானால் எழுத்துகள் தனித்தனியே உதிராதபடி அடியில் ஒரு கோட்டால் இணைக்கவேண்டும். சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் கிழியாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். புள்ளியைத்தான் சமாளிக்க முடிவதில்லை. ‘பொங்கல் வாழ்த்து’ என்பதில் நான்கு மெய்யெழுத்துகள், நான்கு புள்ளிகள். எதனோடும் ஒட்டாமல் எழுத்தின்மேல் நிற்கும் புள்ளி, வெட்டியவுடன் தனியே உதிர்ந்து மேசையடியில் காணாமற்போய்விடும். முன்னோர் ஓலையில் எழுதியபோதும் புள்ளியாலேயே தொல்லைப்பட்டார்கள். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளி வையாமலே விட்டார்கள். படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. பிற்காலத்திலே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற நம் பாட்டிக்கு அந்த ஊகம் வராது. ஆதலால், வெட்டிய சொல்லை அட்டையில் ஒட்டி, பசை உலர்ந்தபின், நான்கு புள்ளிகளையும் மஞ்சள் மையால் நாமே ஒவ்வொன்றாக வைத்துவிடுகிறோம்.